எல்லை தாண்டிய இணையக் கொள்வனவும் பாவனை வரியும்

பொருளியல் – வணிகக் கல்வி: பரீட்சை வழிகாட்டி
அலகு: அரச வருமானமும் வரிகளும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• விற்பனை வரி, பாவனை வரி, பெறுமதி சேர் வரி (வற்) ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு பொருளுக்கு எந்த அரசு வரி அறவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இரு தத்துவங்களை விளக்குவீர்கள்.
• இறக்குமதிப் பொதி ஒன்றின் மீதான வரியைப் படிமுறையாகக் கணிப்பீர்கள்.
• இவ்வரிகள் குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களை எவ்வாறு பாதிக்கின்றன என மதிப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

அன்பான மாணவர்களே, ஒரு சிறு நிகழ்வோடு பாடத்தைத் தொடங்குவோம். இது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட உதாரணமாகும்.

உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்குப் புதிய புத்தகப் பை தேவைப்படுகிறது. கடைத்தெருவில் ஒரு பையைப் பார்க்கிறாள். அதே போன்ற பை வெளிநாட்டு இணையக் கடையொன்றில் மலிவாகக் கிடைப்பதாகத் தோழி கூறுகிறாள். அஞ்சற் செலவு உட்பட 10,000 ரூபா. தாய் கொழுந்து பறித்துச் சேமித்த பணம் அது. அண்ணனின் வங்கி அட்டையால் பணம் செலுத்தப்படுகிறது. சில வாரங்களின் பின்னர் பொதி வந்திருப்பதாக அறிவித்தல் கிடைக்கிறது. அதில் மேலும் சில ஆயிரம் ரூபா வரி செலுத்தினால்தான் பொதியைப் பெறலாம் என எழுதப்பட்டிருக்கிறது.

“பையின் விலையைத்தான் முழுதாகக் கட்டிவிட்டோமே, பிறகு எதற்கு வரி?” என்று தாய் கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இவ்விடையை அறிந்தவர் பரீட்சையில் புள்ளி பெறுவதோடு, பொருளுக்குக் கட்டளையிடும் முன்பே அதன் உண்மையான கிரயத்தையும் கணித்துக்கொள்வார்.

2. முக்கிய பதங்கள்

நேர் வரி: யார் மீது விதிக்கப்படுகிறதோ அவரே சுமையைத் தாங்கும் வரி. உதாரணம்: வருமான வரி.

நேரில் வரி: ஒருவர் மீது விதிக்கப்பட்டு, விலையின் ஊடாக வேறொருவர் மீது சுமை நகர்த்தப்படும் வரி. உதாரணம்: பெறுமதி சேர் வரி, சுங்கத் தீர்வை.

விற்பனை வரி: பொருள் நுகர்வோருக்கு விற்கப்படும்போது விற்பனையாளர் சேர்த்து அறவிட்டு அரசுக்குச் செலுத்தும் வரி.

பாவனை வரி: வரி அறவிடப்படாமல் வெளியிடத்தில் வாங்கப்பட்ட பொருளைத் தனது எல்லைக்குள் பயன்படுத்துபவரிடமிருந்து அரசு கோரும் வரி. இது விற்பனை வரியின் இடைவெளியை நிரப்பும் துணை வரியாகும். இங்கு வரியைச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவருக்கு உரியது.

பெறுமதி சேர் வரி: உற்பத்தி முதல் சில்லறை விற்பனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் சேர்க்கப்படும் பெறுமதியின் மீது அறவிடப்படும் வரி. ஒவ்வொரு பதிவுபெற்ற வணிகரும் தாம் கொள்வனவில் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கழித்து மீதியைச் செலுத்துவார். முடிவில் முழுச் சுமையும் நுகர்வோரைச் சேர்கிறது.

3. இரு தத்துவங்கள்: உற்பத்தி இடமா, நுகர்வு இடமா?

ஒரு பொருள் ஓர் எல்லையைக் கடக்கும்போது இரண்டு அரசுகள் அதன் மீது உரிமை கோரலாம். இதனைத் தீர்க்க இரு தத்துவங்கள் உள்ளன.

(அ) தோற்ற இடத் தத்துவம்: பொருள் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்த அரசு வரி அறவிடும்.
(ஆ) சேரிடத் தத்துவம்: பொருள் எங்கு நுகரப்படுகிறதோ அந்த அரசு வரி அறவிடும்.

இன்று உலகில் பெரும்பாலான நாடுகள் நுகர்வு வரிகளில் சேரிடத் தத்துவத்தையே பின்பற்றுகின்றன. இதற்கு வெகு தூரம் செல்லாமல் நமது ஊரிலிருந்தே உதாரணம் காட்டலாம். இலங்கையின் ஏழு தேயிலை வலயங்களுள் உடப்புசல்லாவையும் ஒன்றாகும். இங்குள்ள மலைச்சரிவுகளில் பறிக்கப்பட்டு, தொழிற்சாலையில் பதனிடப்பட்டு, கொழும்பு வழியாக ஏற்றுமதியாகும் தேயிலைக்கு இலங்கை அரசு பெறுமதி சேர் வரியைப் பூச்சிய வீதத்தில் விதிக்கிறது. அதாவது ஏற்றுமதியின் மீது வரி 0%. ஏற்றுமதியாளர் முன்னைய கட்டங்களில் செலுத்திய உள்ளீட்டு வரியை மீளக் கோரவும் முடியும். அத்தேயிலையை அருந்துவோரிடமிருந்து நுகர்வு வரியை அறவிடுவது அவர்களது நாட்டு அரசின் உரிமையாகும்.

இதன் மறுபக்கமே மாணவியின் பை. நமது தேயிலை வரியின்றிப் புறப்பட்டுச் சென்று, சேரும் நாட்டில் வரிக்கு உட்படுவது போலவே, வெளிநாட்டுப் பையும் அந்நாட்டு நுகர்வு வரியின்றிப் புறப்பட்டு, இங்கு வந்து சேரும்போது வரிக்கு உட்படுகிறது. ஒரே தத்துவம் இரு திசைகளிலும் செயற்படுகிறது. இந்த ஒப்பீட்டை விடையில் எழுதும் மாணவர், பாடத்தை விளங்கிக்கொண்டவர் என்பது பரீட்சகருக்கு உடனே புலப்படும்.

உள்நாட்டுக் கடைக்காரர் பக்கமிருந்தும் இதனை நோக்க வேண்டும். ராகலையிலோ உடப்புசல்லாவையிலோ உள்ள வியாபாரி விற்கும் பையின் விலையில், அது துறைமுகத்துக்கு வந்த நாள் முதல் சேர்ந்த வரிகள் அடங்கியுள்ளன. அவரது சிறிய கடை வற் பதிவுக்குரிய புரள்வை எட்டாமல் இருக்கலாம். (2024 சனவரி 1 முதல் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா என நிர்ணயிக்கப்பட்டது, இவ்வெல்லை வரவுசெலவுத் திட்டங்களின் மூலம் காலத்துக்குக் காலம் மாற்றப்படும்.) எனவே அவரது பற்றுச்சீட்டில் வற் எனத் தனியாகக் காட்டப்படாது. ஆயினும் மொத்த வியாபாரியிடம் அவர் வாங்கிய விலைக்குள் வரி மறைந்திருக்கிறது. இணையத்தில் வாங்கும் பைக்கு மட்டும் வரி இல்லையென்றால், கடை வாடகை கட்டி, ஊரிலேயே ஒருவருக்கு வேலை கொடுத்து வியாபாரம் செய்யும் அவர் சமமற்ற போட்டிக்குத் தள்ளப்படுவார். பாவனை வரிக்கும் இறக்குமதி மீதான வற் வரிக்கும் கூறப்படும் முதன்மையான நியாயம் இதுவே.

4. பாவனை வரியின் தாயகம்: ஐக்கிய அமெரிக்கா

“பாவனை வரி” என்ற பெயரிலேயே இவ்வரி நடைமுறையில் உள்ள நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு தேசிய மட்டத்தில் பெறுமதி சேர் வரி இல்லை. 45 மாநிலங்கள் தத்தமது விற்பனை வரியை அறவிடுகின்றன. அலாஸ்கா, டெலவெயார், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஒரிகன் ஆகிய ஐந்துக்கும் மாநில அளவிலான பொது விற்பனை வரி இல்லை. ஆகவே பக்கத்து மாநிலத்தில் வாங்கி வரியைத் தவிர்க்கும் வழக்கம் தோன்றியது. அதனை ஈடுசெய்யவே பாவனை வரி உருவாக்கப்பட்டது.

இவ்வரியின் வளர்ச்சியைக் கால ஒழுங்கில் நினைவில் வைத்துக்கொள்க.

1937: ஹென்னிஃபோர்ட் எதிர் சைலஸ் மேசன் வழக்கு. கிராண்ட் கூலி அணைக்கட்டு நிர்மாண ஒப்பந்தகாரர்கள் வெளிமாநிலத்தில் வாங்கிய இயந்திரங்களுக்கு வாஷிங்டன் மாநிலம் விதித்த பாவனை வரி செல்லுபடியாகும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1967: நஷனல் பெல்லஸ் ஹெஸ் வழக்கு. அஞ்சல் வழி விற்பனை நிறுவனமொன்றுக்கு ஒரு மாநிலத்தில் கடையோ பணியாளரோ இல்லையெனில், அம்மாநிலத்துக்காக வரி சேகரிக்கும்படி அதனைக் கட்டாயப்படுத்த முடியாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

1992: குவில் எதிர் வட டகோட்டா வழக்கு. பௌதிக இருப்பு வேண்டும் என்ற விதி மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. இதன் பின்னர் இணைய வியாபாரம் பெருகியபோது, வெளிமாநில விற்பனையாளர் பலர் வரி சேர்க்காமலே விற்றனர்.

2018 யூன் 21: தென் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கு. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் பௌதிக இருப்பு விதி கைவிடப்பட்டது. தென் டகோட்டா 2016 இல் இயற்றிய சட்டம், ஆண்டுக்கு 100,000 டொலருக்கு மேல் விற்கும் அல்லது 200 அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனிக் கொடுக்கல் வாங்கல்களைச் செய்யும் வெளிமாநில விற்பனையாளரை வரி சேகரிக்கப் பணித்திருந்தது. தனிநபர் வருமான வரி இல்லாத அம்மாநிலத்துக்கு விற்பனை வரி உயிர்நாடி போன்றது என்பதைக் கவனிக்க.

இங்கு ஒரு நுட்பமான விடயம் உண்டு. 1967 முதல் 2018 வரையும் வாங்குபவரின் பொறுப்பு நீங்கியிருக்கவில்லை. விற்பனையாளர் வரியைச் சேர்க்காவிட்டால், வாங்கியவரே தமது மாநிலத்துக்குப் பாவனை வரியைச் செலுத்த வேண்டும். பல மாநிலங்களின் வருமான வரிப் படிவத்தில் இதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் தாமாக முன்வந்து அதனை நிரப்பியோர் குறைவு. சட்டம் இருந்தும் அறவிடும் வழி வசதியற்றதாக இருந்தால் வருமானம் கிடைக்காது என்பதற்கு இது சிறந்த உதாரணமாகும். அதனாலேயே மாநிலங்கள் இலட்சக்கணக்கான வாங்குநரைத் தேடுவதை விட்டு, விற்பனையாளர் மூலம் சேகரிக்கும் வழியை நாடின.

உதாரணக் கணிப்பு 1

கலிபோர்னியா மாநிலத்தின் அடிப்படை வீதம் 7.25% ஆகும். (உள்ளூர் வட்டார வரிகள் இதற்கு மேலாகச் சேரலாம், இக்கணிப்பில் அவை தவிர்க்கப்பட்டுள்ளன.) அங்கு வசிக்கும் ஒருவர் 200 டொலர் பெறுமதியான பொருளை,
(i) விற்பனை வரி அறவிடாத ஒரிகன் விற்பனையாளரிடமிருந்து வாங்கினால்:
பாவனை வரி = 200 × 7.25% = 14.50 டொலர்.
(ii) வேறொரு மாநிலத்தில் 4% வரி செலுத்தி வாங்கினால்:
ஏற்கெனவே செலுத்தியது = 200 × 4% = 8.00 டொலர்.
மீதியாகச் செலுத்த வேண்டியது = 14.50 – 8.00 = 6.50 டொலர்.

இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். ஏற்கெனவே செலுத்திய வரிக்கு வரவு வழங்கப்படுவதால் ஒரே பொருளுக்கு இரட்டை வரி ஏற்படுவதில்லை.

5. இந்தியாவின் அனுபவம்

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் கீழ், மாநிலங்களுக்கிடையிலான விற்பனை மீதான வரி பொருள் புறப்பட்ட மாநிலத்துக்கே சென்றது. இது தோற்ற இடத் தத்துவமாகும். 2017 யூலை 1 இல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.ரி.) நடைமுறைக்கு வந்ததும் நிலைமை மாறியது. இன்று கோயம்புத்தூரில் உள்ள ஒருவர் பெங்களூர் விற்பனையாளரிடம் இணையத்தில் பொருள் வாங்கினால், ஒருங்கிணைந்த வரி ஒன்றே அறவிடப்படுகிறது. அதில் மாநிலத்துக்குரிய பங்கு, பொருள் நுகரப்படும் தமிழ்நாட்டைச் சென்றடைகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வாங்குபவர் தனியாகக் கட்ட வேண்டியிருந்த பாவனை வரியின் வேலையை, இந்தியாவில் இந்த ஒருங்கிணைந்த வரி விற்பனையின்போதே செய்துவிடுகிறது.

6. இலங்கையில் நடைமுறை

இலங்கை ஒற்றையாட்சி நாடு. பெறுமதி சேர் வரி நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆகவே கொழும்பிலுள்ள இணையக் கடையில் வாங்கிய பொருளை உடப்புசல்லாவையில் பயன்படுத்துவதற்கு மேலதிகப் பாவனை வரி கிடையாது. மாகாண சபைகள் முன்னர் புரள்வு வரி ஒன்றை அறவிட்டன. அது 2011 முதல் நீக்கப்பட்டது. எனவே நமது நாட்டில் பாவனை வரிக்கு நிகரான வினா மாகாண எல்லையில் எழுவதில்லை. நாட்டின் எல்லையிலேயே எழுகிறது. அங்கு அதற்கு விடையளிப்பது இறக்குமதி மீதான வரிகளாகும்.

2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம் 2002 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பொருட்கள் சேவைகள் வரியையும் தேசிய பாதுகாப்பு அறவீட்டையும் பிரதியிட்டது. அண்மைக் கால நியம வீத மாற்றங்கள் பின்வருமாறு:

2016 நவம்பர் 1 முதல் – 15%
2019 டிசெம்பர் 1 முதல் – 8%
2022 யூன் 1 முதல் – 12%
2022 செப்டெம்பர் 1 முதல் – 15%
2024 சனவரி 1 முதல் – 18%

2019 இன் குறைப்புக்குப் பின்னர் அரச வருமானம் பெரிதும் வீழ்ந்தது. 2022 இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 7.3% ஆக மட்டுமே இருந்தது. அதன் பின்னரான உயர்வுகளைப் பொருளாதார நெருக்கடியின் பின்னணியில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இறக்குமதிப் பொருளொன்றின் மீது பொதுவாக விதிக்கப்படக்கூடியவை:
(1) சுங்க இறக்குமதித் தீர்வை
(2) செஸ் வரி (சில பொருட்களுக்கு)
(3) துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு
(4) உற்பத்தித் தீர்வை (சில பொருட்களுக்கு)
(5) பெறுமதி சேர் வரி
(6) சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி (2022 ஒக்டோபர் 1 முதல், 2.5%)

இவற்றை இலங்கைச் சுங்கத் திணைக்களம் எல்லையிலேயே அறவிடுகிறது. வீதங்கள் பொருளின் சுங்க வகைப்படுத்தற் குறியீட்டுக்கு ஏற்ப மாறும்.

உதாரணக் கணிப்பு 2

மாணவி வாங்கிய பையின் கிரயம், காப்புறுதி, அனுப்பற் கட்டணம் மூன்றும் சேர்ந்த பெறுமதி 10,000 ரூபா எனவும், இறக்குமதித் தீர்வை 20%, துறைமுக விமான நிலைய அறவீடு 10%, செஸ் இல்லை எனவும் கொள்க. (தீர்வை வீதம் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது.)

படி 1: இறக்குமதித் தீர்வை = 10,000 × 20% = 2,000
படி 2: துறைமுக விமான நிலைய அறவீடு = 10,000 × 10% = 1,000
படி 3: வற் விதிக்கப்படும் பெறுமதி
= 10,000 + அதன் 10% (1,000) + 2,000 + 1,000 = 14,000
படி 4: பெறுமதி சேர் வரி = 14,000 × 18% = 2,520
படி 5: சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி = 14,000 × 2.5% = 350
படி 6: மொத்த வரி = 2,000 + 1,000 + 2,520 + 350 = 5,870 ரூபா
படி 7: பையின் முழுக் கிரயம் = 10,000 + 5,870 = 15,870 ரூபா

குறிப்பு: படி 3 இல் சேர்க்கப்படும் 10% பலரும் தவறவிடும் இடமாகும். மேலும், தீர்வையையும் அறவீட்டையும் உள்ளடக்கிய பெறுமதியின் மீதே வற் கணிக்கப்படுகிறது. அதாவது வரியின் மீதும் வரி விழுகிறது. வற் 18% என்பதால் மொத்தச் சுமையும் 18% என எண்ணிவிடக் கூடாது. இவ்வுதாரணத்தில் மொத்தச் சுமை பையின் பெறுமதியில் 58.7% ஆகும்.

7. பொதி இல்லாத கொள்வனவு: இலத்திரனியல் சேவைகள்

பை எல்லையைக் கடக்கும்போது சுங்க அதிகாரி பார்க்கிறார். ஆனால் இணையத்தில் பார்க்கும் திரைப்படம், கைத்தொலைபேசிச் செயலி, இணையவழி விளம்பரம் ஆகியவை எந்தத் துறைமுகத்தையும் கடப்பதில்லை. இதனால் உலக நாடுகள் விற்பனையாளரையே பதிவு செய்விக்கும் முறையை நாடுகின்றன. இலங்கையில் 2025ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரி (திருத்தச்) சட்டம், நாட்டில் வதியாத ஆட்கள் இலத்திரனியல் தளங்களின் ஊடாக இலங்கையிலுள்ளோருக்கு வழங்கும் சேவைகளை வரிக்கு உட்படுத்த வழி செய்தது. நடைமுறைத் திகதி முதலில் 2025 ஒக்டோபர் 1 என அறிவிக்கப்பட்டுப் பின்னர் பிற்போடப்பட்டது.

சிறிய பொதிகளுக்கும் இதே வழி பின்பற்றப்படுகிறது. அவுஸ்திரேலியா 2018 யூலை 1 முதல், 1,000 அவுஸ்திரேலிய டொலர் வரையான இறக்குமதிப் பொருட்களுக்கும் 10% வரியைப் பெரிய வெளிநாட்டு விற்பனையாளர்கள் மூலம் அறவிடத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம், 22 யூரோ வரையான பொதிகளுக்கு இருந்த வற் விலக்கை 2021 யூலை 1 முதல் நீக்கியது. சிட்னியிலோ பாரிஸிலோ வாழும் நம்மவர் வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கும் சிறு பொருளுக்கும் வரி சேர்வது இதனாலேயே.

8. இவ்வரி நியாயமானதா? மதிப்பீடு

ஆதம் சிமித் 1776 இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் சிறந்த வரிக்குரிய நான்கு விதிகளைக் குறிப்பிட்டார். அவற்றைக் கொண்டு இவ்வரியை அளந்து பார்ப்போம்.

சமத்துவம்: உள்ளூர்க் கடைக்காரருக்கும் வெளிநாட்டு விற்பனையாளருக்கும் இடையே சமநிலை ஏற்படுவது நன்மை. ஆனால் நுகர்வோரிடையே நிலைமை வேறு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வீதத்தில் பார்த்தால் 5,870 ரூபா வரி என்பது நான்கு நாட்களுக்கும் மேலான உழைப்பு. மாதம் பல இலட்சம் உழைப்பவருக்கும் அதே 5,870 ரூபாதான். அது அவருக்கு ஒரு நாள் வருமானத்திலும் குறைவாக இருக்கலாம். வருமானம் கூடும்போது வரிச் சுமையின் விகிதம் குறைவதால் இதனைத் தேய்வீத வரி என்பர். நேரில் வரிகளின் முதன்மைக் குறைபாடு இதுவாகும்.

நிச்சயத்தன்மை: செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பொதி வந்த பின்னரே வரித்தொகை தெரியவந்தால் இவ்விதி பேணப்படவில்லை. நமது மாணவியின் தாய் எழுப்பிய கேள்வி உண்மையில் இதுவே. அவர் கேட்டது “ஏன் வரி?” என்பது மட்டுமன்று, “ஏன் முன்னமே சொல்லவில்லை?” என்பதுமாகும்.

வசதி: வாங்குபவர் தாமே படிவம் நிரப்பும் பாவனை வரி முறை வசதியற்றது. வாங்கும்போதே விலையுடன் சேர்த்து அறவிடும் முறை வசதியானது.

சிக்கனம்: பெறுமதி குறைந்த பொதியொன்றைத் திறந்து மதிப்பிட்டு அறவிடும் செலவு, கிடைக்கும் வரியிலும் கூடுதலாக இருக்கலாம். சில நாடுகள் சிறு பொதிகளுக்கு விலக்களித்தமைக்குக் காரணம் இதுவே. பொதிகள் பெருகியபோது அவ்விலக்கே வருமான இழப்பாக மாறியது.

9. அன்றாட வாழ்வுக்குச் சில குறிப்புகள்

• கட்டளையிடும் முன் விலையில் இலங்கை வரிகள் அடங்கியுள்ளனவா எனப் பாருங்கள். அடங்கவில்லையெனில் மேலே காட்டிய படிகளின்படி கணித்து, கடைத்தெரு விலையுடன் ஒப்பிடுங்கள். 10,000 ரூபா பை 15,870 ரூபாவாகும்போது, கடையில் 14,000 ரூபாவுக்குக் கிடைக்கும் பையே மலிவானது. பழுதானால் திருப்பிக் கொடுக்கும் வசதியும் அங்கு உண்டு.
• உண்மை விலையைக் குறைத்துக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பது சட்டவிரோதமானது. பொதி பறிமுதலாகவும் கூடும்.
• “சுங்கக் கட்டணம் செலுத்துக” என்று வரும் எல்லாக் குறுஞ்செய்திகளையும் நம்பாதீர்கள். அதிலுள்ள இணைப்பில் வங்கி அட்டை விபரங்களைப் பதிய வேண்டாம். தபால் நிலையத்திலோ பொதியை அனுப்பிய சேவை நிலையத்திலோ நேரில் உறுதிசெய்யுங்கள்.
• வரி செலுத்தியமைக்கான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

10. விடையெழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

(அ) பாவனை வரியை விற்பனை வரிக்கு மேலதிகமான இரண்டாவது வரி என எழுதுதல். அது விற்பனை வரி அறவிடப்படாத அல்லது குறைவாக அறவிடப்பட்ட இடத்தில் மட்டுமே எழும்.
(ஆ) பூச்சிய வீதத்தையும் விலக்களிப்பையும் ஒன்றெனக் கொள்ளுதல். பூச்சிய வீதத்தில் உள்ளீட்டு வரியை மீளப் பெறலாம். விலக்களிப்பில் பெற முடியாது.
(இ) 2018 தீர்ப்புத்தான் பாவனை வரியை உருவாக்கியது என எழுதுதல். அத்தீர்ப்பு வரியைச் சேகரிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையே மாற்றியது.

11. பயிற்சி வினாக்கள்

1. பொருள் நுகரப்படும் இடத்து அரசு வரி அறவிடும் தத்துவம்,
(1) தோற்ற இடத் தத்துவம் (2) சேரிடத் தத்துவம் (3) சிக்கனத் தத்துவம் (4) நன்மைத் தத்துவம்

2. பாவனை வரியைச் செலுத்தும் அடிப்படைப் பொறுப்பு யாருக்குரியது?
(1) உற்பத்தியாளர் (2) அஞ்சல் நிறுவனம் (3) வாங்கிப் பயன்படுத்துபவர் (4) வங்கி

3. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் தேயிலைக்குரிய பெறுமதி சேர் வரி வீதம்,
(1) 18% (2) 15% (3) 8% (4) 0%

4. கிரயம், காப்புறுதி, அனுப்பற் கட்டணம் சேர்ந்த பெறுமதி 6,000 ரூபாவான ஒரு பொதிக்கு இறக்குமதித் தீர்வை 15%, துறைமுக விமான நிலைய அறவீடு 10%, வற் 18%, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5% எனின் மொத்த வரியையும் முழுக் கிரயத்தையும் கணிக்க.

5. “இணையக் கொள்வனவுக்கு வரி விதிப்பது உள்ளூர் வியாபாரிக்கு நியாயமானது, ஆனால் வறிய நுகர்வோருக்குப் பாரமானது.” இக்கூற்றை வரிவிதிப்பு விதிகளின் துணையுடன் மதிப்பிடுக.

விடைகள்

1. (2)  2. (3)  3. (4)

4. தீர்வை 900; அறவீடு 600; வற் விதிக்கப்படும் பெறுமதி 6,000 + 600 + 900 + 600 = 8,100; வற் 1,458; சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 202.50. மொத்த வரி 3,160.50 ரூபா. முழுக் கிரயம் 9,160.50 ரூபா.

5. விடையில் இடம்பெற வேண்டியவை: சமமான போட்டி, சேரிடத் தத்துவம், தேய்வீதத் தன்மை, நிச்சயத்தன்மை, வசதி விதிகள், இறுதியாக உங்கள் சொந்த முடிவு. இருபக்க வாதங்களையும் கூறிய பின்னரே முடிவை எழுதுங்கள். எந்த முடிவாயினும் காரணம் காட்டினால் புள்ளி உண்டு.

மாணவர்களே, நமது பகுதியில் பல வீடுகளில் அரசாங்கக் கடிதத்தையும் பொதி அறிவித்தலையும் வாசித்து விளக்குபவர் பாடசாலை செல்லும் பிள்ளையே. உதாரணக் கணிப்பு 2 ஐ ஒருமுறை நீங்களாகவே செய்து பார்த்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் விளக்கிக் காட்டுங்கள். பிறருக்கு விளக்கிய கணக்குப் பரீட்சை மண்டபத்தில் மறக்காது.